கமலின் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது

இயக்குநராக வேண்டும் என்று என் அக்கா மகன் கேட்டபோது, அவனை உட்கார வைத்து நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் 1960-இல் வந்த களத்தூர் கண்ணம்மா. கமலுக்கு அப்போது ஐந்து வயது. 'அம்மாவும் நீயே' பாட்டு வரும்போது ஒலியை அணைத்துவிடுங்கள். அந்தக் கண்களை மட்டும் பாருங்கள். எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும்.

அடுத்த படங்களுக்கு உடனே தாவாதீர்கள். நடுவில் அவர் தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக இருந்தார். கேமராவுக்குப் பின்னால் நின்ற அந்தக் காலத்தை யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் இயக்குநருக்கான விதை அங்கேதான் விழுந்தது.

இனி அவரே இயக்கிய படங்கள். 1997-இல் இந்தியில் சாச்சி 420. இது ஒரு தடவை பார்த்தால் போதும். ஹே ராமுக்கு (2000) இரண்டு மாலைகள் ஒதுக்குங்கள். நிகழ்காலம் கறுப்பு வெள்ளையில், நினைவுகள் வண்ணத்தில். வழக்கத்தைத் தலைகீழாக்கியது ஏன் என்று பார்த்து முடித்ததும் ஒரு பக்கம் எழுதுங்கள்.

விருமாண்டிக்கு (2004) நோட்டும் பென்சிலும் கட்டாயம். பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கொத்தாளத் தேவர் சொல்லும் கதை, வலப்பக்கம் விருமாண்டி சொல்வது. ஒரே சம்பவத்தில் யார் முதலில் கை ஓங்குகிறார், கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று குறியுங்கள். என் மருமகனுக்கு ஏழு பக்கம் நிறைந்தது. மறுநாள் காலை, பாதியில் நிறுத்தி நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தான்.