விக்கிப்பீடியாவுல முதல் கட்டுரை எழுதுறவங்களுக்கு: புகழ்ச்சிய எடுங்க, தகவல வைங்க

நம்ம சிங்கப்பூர் தமிழர்கள பத்தி, நம்ம கோயில், சங்கம், பத்திரிகை பத்தியெல்லாம் தமிழ் விக்கிப்பீடியாவுல எழுதணும்னு ஆசைப்படுறவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனா எழுதி போடுறதுல பலதும் விழா மேடையில வாசிக்கிற வாழ்த்து மடல் மாதிரி இருக்குறதால யாராவது வந்து வெட்டிட்டு போயிடுறாங்க, எழுதினவங்களும் மனசு விட்டுப்போய் அதோட நிறுத்திடுறாங்க. எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம், ஏன்னா நம்ம ஊர் விஷயத்த நாம எழுதலன்னா வேற யாரு எழுதுவா?

சரி, முதல் வேலை தலைப்பு. சின்னதா எடுங்க. "சிங்கப்பூர் தமிழர் வரலாறு"ன்னு மொத்தத்தையும் தூக்க வேணாம், ஒரு ஆளு, ஒரு கோயில், ஒரு பத்திரிகை, அது போதும். தேடுற பெட்டியில அந்த பேர ரெண்டு மூணு விதமா எழுத்து மாத்தி அடிச்சு பாருங்க, ஏற்கெனவே பக்கம் இருந்தா அதையே வளர்க்கலாம். உங்க அப்பா, உங்க கம்பெனி, நீங்க செயலாளரா இருக்குற சங்கம், இதெல்லாம் வேணாம், எவ்வளவு நேர்மையா எழுதினாலும் கை ஒரு பக்கம் சாயும்.

அடுத்தது சான்று. எழுத உக்காரறதுக்கு முன்னாடியே சேர்த்துடுங்க, எழுதிட்டு அப்புறம் தேடினா நமக்கு புடிச்ச வரிக்கு ஏத்த சான்றதான் தேடுவோம். விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்துல லீ கொங் சியான் ஆய்வு நூலகம் இருக்கு, 7வது மாடிலேர்ந்து மேல, அங்க புத்தகம் இரவல் தர மாட்டாங்க, உக்காந்து படிச்சு குறிப்பு எடுக்கணும். நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துல பழைய தமிழ் முரசு பக்கங்கள ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, சிலத மட்டும் நூலகத்துக்கு போயித்தான் பாக்க முடியும். படிக்கும்போதே பேப்பர் பேரு, தேதி, பக்கம் எல்லாத்தையும் குறிச்சு வைங்க. கண்ட வரிய அப்படியே காப்பி பண்ணி ஒட்டாதீங்க, அது காப்புரிமை பிரச்சினை. படிச்சு மூடி வச்சுட்டு உங்க வாக்கியத்துல எழுதுங்க.

இப்ப மணல்தொட்டியத் திறங்க. கணக்கு தொடங்கினா உங்களுக்குன்னு ஒரு மணல்தொட்டி இருக்கும், அங்க எழுதி பழகலாம். நான் இங்க பேச்சு நடையில அடிக்கிறேன், கட்டுரை மட்டும் நல்ல எழுத்து நடையில இருக்கணும்.

முதல் வரிதான் எல்லாம். கோ. சாரங்கபாணிய உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். பொதுவா இப்படி ஆரம்பிப்பாங்க: "தமிழர் நெஞ்சமெல்லாம் நிறைந்த ஈடு இணையற்ற தலைவர் ஐயா தமிழவேள் அவர்கள்…" இத படிச்சு முடிக்கிற செகண்டரி ஸ்கூல் பிள்ளைக்கு அவரு என்ன செஞ்சாருன்னே தெரியாது. இப்படி எழுதி பாருங்க: "கோ. சாரங்கபாணி (1903–1974) சிங்கப்பூர்த் தமிழ் இதழாளர், சமூகச் சீர்திருத்தவாதி. 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கினார்." அப்புறம் 1952ல தமிழர் திருநாள் கொண்டாட்டத்த ஆரம்பிச்சது, அதுக்கு ஒரு வரி, ஒரு சான்று. ஒரு அடைமொழி கூட இல்ல, ஆனா படிக்கிறவனுக்கு அவரு மேல மரியாதை தானா வருது. விக்கிப்பீடியாவுல கேக்குற நடுநிலை இதுதான், நடுநிலைன்னா அன்பு இல்லாம எழுதுறதுன்னு நெனைக்காதீங்க. "மாபெரும்" எழுதுற எடத்துல ஒரு வருஷமோ ஒரு செயலோ எழுதினா அந்த ஆளுக்கு அதுதான் பெரிய மரியாதை, ஏன்னா அத யாராலயும் வெட்ட முடியாது.

அப்ப தமிழவேள்ங்கிற பட்டத்த விட்டுடணுமா? வேணாம், மக்கள் அப்படி கூப்பிட்டது உண்மைதானே, "தமிழவேள் என அழைக்கப்பட்டார்"னு சான்றோட ஒரு எடத்துல எழுதுங்க, தலைப்புலயும் ஒவ்வொரு வரிலயும் ஒட்டாதீங்க. "ஐயா", "அவர்கள்" தேவையில்ல, "தொடங்கினார்"ல இருக்குற மரியாதை போதும்.

திட்டுற பக்கமும் இதே கதைதான். ஒருத்தர் சொன்னத "கூறினார்"னு எழுதுங்க, "ஒப்புக்கொண்டார்"னு எழுதினா தப்பு செஞ்ச மாதிரி ஆகுது, "அம்பலப்படுத்தினார்"னா அவர் சொன்னது உண்மைன்னு நாமளே தீர்ப்பு சொல்லிட்டோம். வருஷம் ரெண்டு புத்தகத்துல ரெண்டு விதமா இருந்தா நமக்கு புடிச்சத எடுக்க கூடாது, ரெண்டையும் யாரு சொன்னதுன்னு சேர்த்து எழுதணும். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில எடுத்தீங்கன்னா "தொன்மைச் சிறப்பு வாய்ந்த"ன்னு நீட்டாம, நாராயண பிள்ளை 1827ல நிறுவினாரு, 1973ல தேசிய நினைவுச்சின்னமா அறிவிச்சாங்க, அத சொல்லுங்க. சக்தி வாய்ந்த அம்மன்னு நமக்கு நம்பிக்கை இருக்கலாம், கட்டுரையில "பக்தர்கள் நம்புகின்றனர்"னு சான்றோடதான் வரணும்.

ஒரே சீரா எழுதுறது சின்ன விஷயம்தான், ஆனா கட்டுரைய தூக்கி நிறுத்தும். ஒரு எடத்துல சிராங்கூன், இன்னொரு எடத்துல செரங்கூன்னு எழுதாதீங்க, ஒண்ண முடிவு பண்ணி கடைசி வரைக்கும் அதையே வைங்க, மத்த எழுத்துல தேடுறவங்கள உங்க பக்கத்துக்கே கொண்டு வந்து விடுற மாதிரி வழிமாற்று போட்டுடலாம். தேதி, எண், பேருக்கு முன்னாடி வர்ற முதலெழுத்து எல்லாத்துக்கும் இதேதான். "தற்போது", "சமீபத்தில்" வேணவே வேணாம், பத்து வருஷம் கழிச்சு படிக்கிறவருக்கு எது தற்போது? வருஷத்த போடுங்க.

வெளியிடும்போது தொகுப்புச் சுருக்கத்துல என்ன செஞ்சீங்கன்னு ஒரு வரி எழுதுங்க. பகுப்பு, அதாவது கட்டுரை எந்த வகையில சேரும்ங்கிறத, சேருங்க, சம்பந்தப்பட்ட வேற பக்கங்கள்லேர்ந்து உங்க பக்கத்துக்கு இணைப்பு குடுங்க, இல்லன்னா அது யாரு கண்ணுலயும் படாது. "சான்று தேவை"ன்னு யாராவது ஒட்டினா கோவப்படாதீங்க, சான்று இருந்தா சேருங்க, இல்லன்னா அந்த வரிய எடுத்துடுங்க. வரிய அழிச்சிருந்தா, கட்டுரையில யாரு என்ன மாத்தினாங்கன்னு காட்டுற வரலாறு பக்கத்துல யாரு, ஏன்னு பாத்துட்டு, உடனே திருப்பி போடாம உரையாடல் பக்கத்துல சான்றோட கேளுங்க. அங்கயும் பதில் வரலன்னா ஆலமரத்தடியில கேளுங்க, பொது விஷயத்த பேசுற பக்கம் அதுதான், புதுசா வந்தவங்க கேள்வியும் அங்க தாராளமா கேக்கலாம்.