வீட்டிலிருந்து வேலை: வீட்டுக்காரர்களையே விருந்தாளி ஆக்கிவிடும் தவறுகள்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது ஐடி கம்பெனிகள் ஆளுக்கொரு லேப்டாப்பைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பின. எங்கே இடம் கிடைத்ததோ அங்கே உட்கார்ந்து எல்லோரும் வேலை பார்த்தார்கள். அப்புறம் ஆபீஸ்கள் திறந்துவிட்டன. ஆனாலும் பலருக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வீட்டிலிருந்தே வேலை என்பது நிலைத்துவிட்டது. வீட்டு ஏற்பாடு மட்டும் அந்த முதல் வாரத்து அவசரத்திலேயே நின்றுபோயிருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப், சோபாவில் சார்ஜர், "உஷ், மீட்டிங்" என்று உதட்டில் ஒரு விரல்.

நல்ல நாற்காலி வாங்குங்கள், கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்பதெல்லாம் வேலை பார்ப்பவருக்கான யோசனை. அதே வீட்டில் அப்பா பேப்பர் படிக்கிறார், அம்மா மதியம் சீரியல் பார்க்கிறார், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருகிறது. அவர்களுடைய வீட்டுக்குள்தான் உங்கள் ஆபீஸ் வந்து குடியேறியிருக்கிறது. அதை மறப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளைக்கின்றன.

ஹாலில் கடை விரிப்பது

இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் வேலை பார்க்கிறவர் ஹாலுக்கு வந்து உட்காருவதற்குப் பெரும்பாலும் வைஃபைதான் காரணம். இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வந்தவர், வயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே, டிவிக்குப் பக்கத்தில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார். இரண்டு சுவரைத் தாண்டினால் சிக்னல் தேய்ந்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது; ஆனால் சுவரைத் தாண்டிப் போகிற தெம்பு 2.4 கிகாஹெர்ட்ஸுக்குத்தான் அதிகம். அதனால் பெட்ரூமில் மீட்டிங் பாதியில் உறைந்து நிற்கிறது, நீங்கள் ஹாலுக்கு வருகிறீர்கள், டிவி அணைகிறது, அப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறார். ஒரு வயர் சரியான இடத்தில் இல்லாததற்குக் குடும்பமே இடம் மாறுகிறது.

இதற்குத் தீர்வு மிகவும் சுலபம், செலவும் குறைவு. ரவுட்டரிலிருந்து உங்கள் அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ஒரு ஃபிளாட்டுக்கு 15, 20 மீட்டர் தாராளம். கதவு நிலைக்கு மேலே, சுவரோரமாக கிளிப் அடித்துவிட்டால் யார் காலிலும் தட்டாது. இல்லையென்றால் இணைப்பு கொடுத்தவரையே கூப்பிட்டு ரவுட்டரை உள்ளே மாற்றச் சொல்லுங்கள். ஹாலை வீட்டாருக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் முதல் வேலை. நான் இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன்.

பெட்ரூமில் மூன்றடி நீள மேஜை போட ஒரு மூலை போதும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் கேமராவில் முகம் இருட்டாகத் தெரியும். மேற்குப் பார்த்த சுவரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், சித்திரை மாத மதியத்தில் அந்தச் சுவரே அடுப்பு. லேப்டாப் திரை கண் மட்டத்துக்கு வர அடியில் தடிமனான புத்தகங்களை வைத்து, கீபோர்டைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். கழுத்து போவது ஒரு பக்கம், கூட இருப்பவர் தூங்க வேறு இடம் தேடுவது இன்னொரு பக்கம்.

வீட்டின் சத்தத்தை எல்லாம் அடக்கப் பார்ப்பது

குக்கர் விசில், மிக்ஸி, பூஜை மணி, தெருவில் கீரை விற்பவரின் குரல். இவை இருந்தால்தான் வீடு. மீட்டிங் நடக்கும்போதெல்லாம் இவற்றை நிறுத்தச் சொன்னால், நாளடைவில் அம்மா மிக்ஸி போடவே உங்களிடம் அனுமதி கேட்பார். சொந்த வீட்டில் சட்னி அரைக்க அனுமதி கேட்கிற நிலைமைக்கு ஒருவரைக் கொண்டுவந்துவிட்டோம் என்றால் நாம் எங்கேயோ தவறிவிட்டோம் என்று அர்த்தம்.

ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் எல்லாவற்றிலும் பின்னணி இரைச்சலைக் குறைக்கிற வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் ஒரு முறை பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். லேப்டாப்பின் மைக் அறை முழுவதையும் கேட்கும்; வாய்க்குப் பக்கத்தில் மைக் வருகிற ஹெட்செட் உங்கள் குரலைத்தான் முக்கியமாக எடுக்கும். பேசாத நேரத்தில் மியூட்டில் இருங்கள். ஜூமில் மியூட்டில் இருக்கும்போது ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் அது வரை மட்டும் நம் குரல் போகும், கையை எடுத்ததும் மறுபடி மியூட். இத்தனைக்குப் பிறகும் ஒரு விசில் சத்தம் உள்ளே போனால் போகட்டும். எதிர்ப்பக்கம் இருப்பவரின் வீட்டிலும் குக்கர் இருக்கிறது.

உண்மையிலேயே அமைதி தேவைப்படுகிற நேரங்கள் உண்டு: வாடிக்கையாளரிடம் டெமோ காட்டுவது, இன்டர்வியூ, சம்பள உயர்வு பற்றிய பேச்சு. அவை வாரத்தில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதைக் காலையிலேயே சொல்லிவிட்டால் எல்லோரும் மகிழ்ச்சியாகவே ஒத்துழைப்பார்கள். "இன்னிக்கு மூணு மணிக்கு ஒரு முக்கியமான மீட்டிங், அரை மணி நேரம்தான்ப்பா" என்று முன்கூட்டிச் சொல்வதற்கும், மூன்று மணிக்குக் கதவைத் திறந்து முறைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வீட்டு வேலைக்கு வருகிற அக்காவையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் மீட்டிங் முடியட்டும் என்று துடைப்பத்தோடு வாசலில் அவர் நிற்கும்போது, அடுத்த மூன்று வீட்டில் அவருக்கு நேரமாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் அறையை எந்த நேரத்தில் பெருக்கலாம் என்று ஒரு நேரத்தை அவரிடமே கேட்டு முடிவு செய்து, அந்தப் பத்து நிமிடம் எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

"வீட்டுலதானே இருக்கே"

இது பெண்களிடம்தான் அதிகம் சொல்லப்படுகிறது. இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்று வந்தது. வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி 97 நிமிடம். இது ஊரடங்குக்கு முந்தைய நிலை. இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் வீட்டிலிருந்து வேலை என்பது வந்து உட்கார்ந்திருக்கிறது.

நடப்பது என்ன? கணவன் மனைவி இருவருமே ஆபீஸ் போனபோது காலையில் கட்டிய டிபன் பாக்ஸோடு சமையல் முடிந்தது. இருவரும் வீட்டில் இருக்கும்போது மதியம் சூடான சாப்பாடு, பதினோரு மணிக்குக் காபி, நாலு மணிக்கு டீயோடு ஏதாவது என்று பழக்கம் வளர்கிறது. பயணத்தில் மிச்சமான ஒன்றரை மணி நேரம் பெண்ணுக்கு மட்டும் சமையலறைக்குள் போய்விடுகிறது. காதில் ஹெட்செட்டோடு தோசை வார்த்துக்கொண்டு மீட்டிங்கில் பதில் சொல்லும் பெண்ணைத் "திறமைசாலி" என்று பாராட்டுகிறோம். அவருக்குத் தேவை பாராட்டு இல்லை, இன்னொரு ஜோடிக் கை.

செய்து பார்க்க வேண்டியது ஒன்று: வீட்டில் இருக்கிற நாளிலும் காலையிலேயே டிபன் பாக்ஸில் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிடுங்கள், ஆபீஸ் போவதுபோலவே. மதியம் அவரவர் எடுத்துச் சாப்பிட்டு, அவரவர் தட்டைக் கழுவி வைக்க வேண்டும். டீ யாருக்கு முதலில் வேண்டுமோ அவரே எல்லோருக்கும் போடட்டும். ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை அப்பா செய்வதைப் பார்த்தே அவர்கள் கற்றுக்கொள்வார்கள், தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

எப்போது முடியும் என்று சொல்லாமல் இருப்பது

ஆபீஸிலிருந்து வருகிறவருக்கு ஒரு வருகை உண்டு. செருப்புச் சத்தம் கேட்கும், பிள்ளை வாசலுக்கு ஓடும். நாள் முழுக்க உள்ளறையில் இருப்பவர் வீட்டுக்கு எப்போது வருகிறார்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத வீட்டில் குழந்தை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டும். அதை அடம் என்று திட்டுவது அநியாயம்.

நாலைந்து வயதுப் பிள்ளைக்கு "அப்புறம் வரேன்" என்பது புரியாது. "பெரிய முள் கீழே ஆறுக்கு வந்ததும் வரேன்" என்றால் புரியும், சொன்னபடி வரவும் வேண்டும். பள்ளி விட்டு வருகிற நேரத்தில் கால் மணி நேரத்தைக் காலண்டரில் வேறு யாரும் மீட்டிங் போடாதபடி அடைத்துவிடுங்கள். மிஸ் என்ன சொன்னார், யார் யாரோடு சண்டை போட்டார் என்ற கதை எல்லாம் அந்தக் கால் மணிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இரவு எட்டு மணிக்கு நீங்கள் கூப்பிட்டுக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்ற ஒரே பதில்தான் வரும்.

அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே வருடத்தில் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகிறார்கள். நியூயார்க்கில் காலை 11 மணிக்கு நடக்கிற மீட்டிங் கோடையில் நமக்கு இரவு 8.30, நவம்பர் முதல் ஞாயிறு கடந்ததும் அதுவே 9.30 ஆகிவிடும். மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படித்தான். லண்டன் மதியம் 2 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. ஆபீஸ் மெயிலில் வருகிற இந்த மாற்றத்தை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விட்டால், நவம்பர் முழுக்க இரவுச் சாப்பாட்டில் ஒரு இடம் காலியாகவே இருக்கும். சாப்பாட்டு நேரத்தை முன்னே பின்னே தள்ளி வைத்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற ஒரு வேளையைக் காப்பாற்றுங்கள். தட்டை லேப்டாப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடும் பழக்கம் ஒருமுறை வந்தால் போகாது.

வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிப் பையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் கை போகும்.

வந்தவர்களை ஹெட்செட்டோடு வரவேற்பது

கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் தாம்பாளத்தோடு வாசலில் நிற்கிறார்கள். உள்ளே இருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, காதைக் காட்டிச் சைகை செய்துவிட்டு மறைகிறது. அவர்கள் சங்கடத்தோடு சோபா நுனியில் உட்கார்ந்து, வீட்டுப் பெரியவரிடம் பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, தண்ணீர்கூட வேண்டாம் என்று கிளம்புவார்கள். அடுத்த விசேஷத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். வெயிலில் பஸ் ஏறி வந்தவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது இரண்டு நிமிடம்தான். கேமராவை அணைத்துவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து, "வாங்க, வாங்க. மீட்டிங்ல இருக்கேன், பத்து நிமிஷத்துல வந்துடறேன், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று முகம் பார்த்துச் சொன்னால் போதும், அவர்கள் நிம்மதியாக உட்காருவார்கள்.

நவராத்திரி எப்போது என்று வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் இருக்கிறது. கொலு வைக்கிற வீடாக இருந்தால் அந்த மாலைகளில் ஹாலில் ஆள் வந்து போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த நாட்களின் மாலை மீட்டிங்குகளை முன்பே மாற்றிக் கேட்கலாம். முன்னதாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஏசி அறைக்குள் ஒருவர் மட்டும்

இதைப் பற்றி வீடுகளில் வாய் திறந்து பேசுவதில்லை, மனத்தாங்கலாகவே இருக்கிறது. ஒன்றரை டன் ஏசி ஓடும்போது மணிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை யூனிட் இழுக்கும். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் இரண்டு மாத பில்லில் 352 மணி நேரம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். அப்பா பென்ஷனிலிருந்து கரன்ட் பில் கட்டுகிற வீட்டில், கூடுதல் தொகை உங்களுடையது என்று நீங்களாகவே முன்வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மே மாத மதியத்தில் அந்த அறையில் பெரியவர்கள் படுக்க ஒரு பாய்க்கு இடம் விடுங்கள். அவர்கள் அங்கே தூங்கினால் உங்கள் வேலை ஒன்றும் கெட்டுவிடாது.

பராமரிப்பு மின்தடை நாளையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பகுதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது, பேப்பரிலும் வருகிறது. சென்னையில் பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கும். அன்று இன்வெர்ட்டர் சார்ஜ் முழுவதையும் லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் ஒதுக்கிவிட்டு, பெரியவர்களை ஃபேன் இல்லாமல் உட்கார வைப்பது நடக்கிறது. ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டுங்கள். லேப்டாப்பை முந்தின இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள். முடிந்தால் வாரத்தில் ஆபீஸ் போக வேண்டிய நாளாக அந்த நாளையே தேர்ந்தெடுங்கள்.