சிறை சென்று வந்தவரை வேலைக்குச் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியின் கேத்தி பாலாடாவில் எங்களுக்குக் கேரட் கழுவும் கூடம் ஒன்று இருக்கிறது. இருட்டிலேயே அறுவடை தொடங்கிவிடும். கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு லாரி இறங்க வேண்டும். சிறைக்குப் போய்வந்த ஏழு பேர் இதுவரை எங்களிடம் வேலை செய்திருக்கிறார்கள். அவர்களில் நல்ல வேலையாள் ஒருவரை என் தவறால் இழந்தேன். ஆள் கிடைக்காமல் திண்டாடும் நம் மலையில், அதே தவறை இன்னொரு முதலாளி செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, 'அவன் மேல் கேஸ் இருக்கிறது' என்ற ஒற்றை வரியோடு பேச்சை முடித்துவிடுவது. என்ன வழக்கு, எந்த ஆண்டு, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்களைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. ஊட்டியிலோ கூடலூரிலோ சில வாரம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தவரும், தண்டனை பெற்றுக் கோவை மத்திய சிறையில் ஆண்டுக்கணக்கில் இருந்தவரும், வழக்கிலிருந்து விடுதலையானவரும் நம் ஊர்ப் பேச்சில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். வழக்குத் தாள்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அரை மணி நேர வேலை அது.

சட்டமே சிலருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்படி எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்பட்டவருக்கு, அந்தத் தீர்ப்பால் வரக்கூடிய தகுதியிழப்பு கிடையாது. பதினெட்டு வயதுக்குள் செய்த குற்றத்துக்காக இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் நடவடிக்கைக்கு உள்ளானவருக்கும், பெரியவரைப் போல விசாரிக்கப்பட்ட கொடுங்குற்ற வழக்குகள் தவிர, அதே பாதுகாப்பு உண்டு. 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும், வேலை கொடுப்பவர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம் என்றது.

'சும்மாவா சொன்னார்கள், தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று' என்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1980இல் முதல்முறை கைதானவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. பதினெட்டு வயதில் வீடு புகுந்து திருடிக் கைதானவர், அதன் பிறகு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் எந்த வழக்கும் இல்லாமல் இருந்தால், மீண்டும் கைதாகும் வாய்ப்பு அவருடைய வயதையொத்த பொதுமக்களுக்கு இருக்கும் அளவுக்கே இறங்கிவிடுகிறது. வழிப்பறியில் கைதானவருக்கு அது எட்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பத்து ஆண்டுக்கு முந்தைய அடிதடியைக் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி என் தவறு. ஒரு ஐப்பசியில், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த வாரம், மண்டியிலிருந்து வந்த பணத்தில் நான்காயிரம் ரூபாய் குறைந்தது. கூடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நான் ஒருவரிடம் மட்டும் பையைத் திறந்து காட்டச் சொன்னேன். திருட்டு வழக்கில் தண்டனை முடித்து வந்தவர் அவர். எங்களிடம் இரண்டு ஆண்டுகளாக வேலை செய்தவர். ஒன்றும் பேசாமல் பையைத் திறந்தார். ஒரு லுங்கி, சாப்பாட்டுத் தூக்கு, மகளுக்கு வாங்கிய கம்பளித் தொப்பி. இரண்டு நாள் கழித்து மண்டிச் சீட்டைச் சரிபார்த்தபோது, பழைய முன்பணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்திருந்தது தெரிந்தது. அதற்குள் அவர் கூலிக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்தார்கள். அவர் திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் மண்டிப் பணத்தை இரண்டு பேர் எண்ணி, சீட்டோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள். என் தம்பி எண்ணினாலும் அதே முறைதான். சந்தேகம் வந்த பிறகு விதி போட்டால் அது ஒருவர் கழுத்தில்தான் விழும். ஆள் சேர்க்கும் முன்பே எல்லாருக்கும் பொதுவாகப் போட்டுவிட வேண்டும். பணத்தையே தொடவிடக் கூடாது என்பதும் சரியல்ல. கோவையில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் நிலையத்தில் கைதிகளே வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிறார்கள். நம் லாரிகளும் அங்கே நின்று போகின்றன.

கூலியைக் குறைப்பது தவறு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போனால் சட்டவிரோதமும்கூட. 'வேறு யார் இவனுக்கு வேலை கொடுப்பார்கள்' என்று நூறு ரூபாய் பிடிப்பவர்களை எனக்குத் தெரியும். குறைந்தபட்சக் கூலிக்கு முன்னால் சிறை சென்றவர், செல்லாதவர் என்ற பிரிவு கிடையாது.

ஜாமீனில் இருப்பவருக்குப் பல நேரம் காவல் நிலையத்துக்குப் போய்ப் போட வேண்டிய நிபந்தனைக் கையெழுத்து இருக்கும். பெரும்பாலும் காலை பத்தரை மணி. கிண்ணக்கொரைப் பக்கத்திலிருந்து மஞ்சூர் காவல் நிலையத்துக்குப் போய்வர பஸ்ஸை நம்பினால் பாதி நாள் போய்விடும். வாய்தா நாள்கள் வேறு. இவற்றை 'மட்டம் போடுகிறான்' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு கையெழுத்து தவறினால் ஜாமீன் ரத்தாகலாம். உங்கள் ஆளும் போய்விடுவார். தேதிகளை முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த நாள்களில் இரவு வேலையைக் கொடுங்கள்.

மனம் இளகி எதையும் பார்க்காமல் விடுவதும் தவறுதான். குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் தண்டனை பெற்றவரைப் பள்ளி வேனுக்கோ, குடும்பங்கள் தங்கும் காட்டேஜுக்கோ அனுப்பக் கூடாது. குடித்து வண்டி ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்தவரிடம், கொண்டை ஊசி வளைவுகளில் லோடு லாரியைக் கொடுக்கக் கூடாது. குற்றத்துக்கும் வேலைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. தொடர்பு இல்லையென்றால் வழக்கு விவரம் உங்களோடு நிற்கட்டும். மேஸ்திரியிடம் சொன்னால் மாலைக்குள் லைன் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். பெண் பார்க்கும் இடம் வரை அது போகும்.

கடைசியாக ஒன்று, பலர் நினைப்பதேயில்லை. அவர் வேலையை விட்டுப் போகும்போது கையில் ஒரு தாள் கொடுங்கள். போன ஆண்டு எங்களிடமிருந்து கோத்தகிரித் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போனவர் கேட்டது அதை மட்டும்தான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தார், மண்டிப் பணம் எண்ணுபவர்களில் ஒருவராக இரண்டு ஆண்டுகள் இருந்தார் என்று எழுதி, கூடத்தின் முத்திரை வைத்துக் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்துவிட்டு, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.