மாதிரி ரயில் பெட்டிகளுக்குப் போகி பொருத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதிரி ரயிலில் ஒரு பெட்டி அடிக்கடி தடம் புரண்டால், பெரும்பாலானோர் முதலில் தண்டவாளத்தையே சந்தேகிக்கிறார்கள். எல்லாப் பெட்டிகளும் ஒரே இடத்தில் இறங்கினால் அந்தச் சந்தேகம் நியாயமானது. ஒரே பெட்டி வெவ்வேறு இடங்களில் இறங்கினால், அநேகமாகக் கோளாறு அதன் அடியில் சுழலும் போகியில், அதாவது சக்கரங்களையும் அச்சுகளையும் தாங்கும் சட்டத்தில், இருக்கும். போகியைத் தோற்றத்தை மட்டும் பார்த்து வாங்குவதும், அதைப் பெட்டியோடு பிணைக்கும் திருகாணியை முடிந்தவரை முடுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணுவதுமே இதற்கு முக்கியக் காரணங்கள்.

சென்னையில் இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர் வண்டிகளையே செய்ய விரும்புவதால், தேர்விலேயே ஒரு தவறு நேர்கிறது. 1955 முதல் பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையில் (ஐ.சி.எஃப்.) உருவான ஐ.சி.எஃப். வகைப் பெட்டியின் போகியில் இரண்டு அச்சுகளுக்கு இடையேயான தொலைவு 2896 மி.மீ.; ஜெர்மானிய வடிவமைப்பான இன்றைய எல்.எச்.பி. பெட்டியில் அது 2560 மி.மீ. மெய்யான வண்டியை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கும் எச்.ஓ. என்ற மாதிரி அளவில் இவை முறையே 33.3, 29.4 மி.மீ. ஆகின்றன. ஏறக்குறைய நான்கு மி.மீ. வேறுபாடு கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஐ.சி.எஃப். போகியில் பிரேக் கட்டைகள் சக்கர விளிம்பை அழுத்துகின்றன, எல்.எச்.பி.யில் அச்சின்மேல் தட்டு பிரேக் உள்ளது. நேரில் ஒப்பிட விரும்புவோர் தாம் நிற்கும் நடைமேடையை ஒட்டிய வண்டியைப் பார்ப்பதில் பயனில்லை, நடைமேடை விளிம்பு போகியை மறைத்துவிடும். காலியான தடத்துக்கு அப்பால் நிற்கும் வண்டியைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வகைக்கும் புதிய சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ. என்பது நமக்கு வசதி. அமெரிக்க மாதிரிகளுக்கு விற்கப்படும் 36 அங்குலச் சக்கரம் எச்.ஓ.வில் 10.5 மி.மீ. ஆவதால் அப்படியே பொருந்தும். அதிகமாகக் கிடைக்கும் 33 அங்குலச் சக்கரமோ அந்நாட்டுச் சரக்குப் பெட்டிகளுக்கு உரியது. ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றைப் போட்டால் பெட்டி சுமார் 0.45 மி.மீ. உயரும் அல்லது தாழும். பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும் இணைப்பியின் உயரமும் அதற்கேற்ப மாறும். ஆகவே சக்கரத்தை மாற்றியதும் உயர அளவுகோலால் இணைப்பியைச் சரிபார்க்காமல் விடக்கூடாது.

எச்.ஓ. தண்டவாளத்தின் 16.5 மி.மீ. இடைவெளி 1435 மி.மீ. பாதைக்கு உரியது, நம் 1676 மி.மீ. அகலப்பாதைக்கு 19.3 மி.மீ. வேண்டும். சக்கரங்கள் உள்ளடங்கித் தெரிவதைப் பொறுக்காமல் சிலர் போகியின் பக்கச் சட்டங்களை வெளியே தள்ளுகிறார்கள். அதனால் அச்சின் கூர்முனைகள் தம் குழிகளை விட்டு நழுவுகின்றன. தோற்றத்தில் இந்தச் சிறு பிசகை ஏற்றுக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. அச்சின் நீளமும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சிறிது மாறும்: நீண்டால் சக்கரம் இறுகும், குறைந்தால் போகி தொய்ந்து சாயும். சக்கரங்களின் உட்புற இடைவெளி சுமார் 14.4 மி.மீ. இருக்கிறதா என்றும் அளக்க வேண்டும்.

இனி, மிகுதியான பெட்டிகளைக் கவிழ்க்கும் தவறுக்கு வருவோம். மெய்யான வண்டியில் பாதையின் மேடுபள்ளங்களை வில்சுருள்கள் தாங்கிக்கொள்கின்றன. மாதிரிப் போகிகளில் பெரும்பாலானவற்றில் செயல்படும் சுருள் கிடையாது. இரண்டு போகிகளையும் இறுக்கிவிட்டால், தண்டவாளம் சிறிது முறுக்கியிருக்கும் இடத்தில் ஒரு சக்கரம் மேலெழும்பி, வளைவிலோ பிரிதடத்திலோ வெளியேறிவிடும். இரண்டையும் தளர்த்திவிட்டால் பெட்டி இருபுறமும் ஆடும். முறை என்னவென்றால், ஒரு போகியின் திருகாணியை, அது தடையின்றிச் சுழலவும் பக்கவாட்டில் சாயாதிருக்கவும் போதுமான அளவுக்கு மட்டும் முடுக்கி, மற்றதை எல்லாப் பக்கமும் இலேசாக அசையுமாறு சற்றுத் தளர்த்தி விடுவதாகும். முக்காலி சமமற்ற தரையிலும் ஆடாமல் நிற்பதைப் போல, பெட்டி அப்போது மூன்று புள்ளிகளில் அமர்கிறது.

வளைவில் போகி போதுமான அளவு திரும்புகிறதா என்பது அடுத்த கேள்வி. 23.54 மீட்டர் நீள எல்.எச்.பி. பெட்டி எச்.ஓ.வில் 27 செ.மீ. வரும். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல் இரண்டரை மடங்காவது இருப்பது நல்லது, அதாவது 67 செ.மீ.க்கு மேல். அடுக்குமாடி அறையில் 45 செ.மீ. ஆரத்துக்கே இடம் கிடைப்பவர்கள், சக்கரம் அடித்தளத் தொட்டியிலோ படிக்கட்டிலோ உரசுகிறதா என்று பெட்டியைக் கையால் தள்ளி இரு திசையிலும் பார்க்க வேண்டும். உரசினால் உரசும் பகுதியை அரத்தால் தேய்ப்பதே சரி. வாஷர்களை அடுக்கிப் பெட்டியை உயர்த்தினால் இணைப்பி மீண்டும் பிசகும்.

வழுக்கும் தன்மையுள்ள அசிட்டால் பிளாஸ்டிக் சட்டங்களுக்கு எண்ணெய் தேவையில்லை. எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும், வேண்டுமானால் சிறிது கிராஃபைட் தூள் போதும். கடற்கரைப் பகுதியில் வசிப்பவர்கள் எஃகு அச்சு துருப்பிடிப்பதையும் கவனிக்க வேண்டும். உலோகச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் மின்காப்பிட்ட சக்கரங்களைப் பொருத்தும்போது, இரண்டு அச்சுகளிலும் காப்பிட்ட சக்கரம் ஒரே பக்கம் வர வேண்டும். ஓர் அச்சு திரும்பிவிட்டால் சட்டம் வழியே இரு தண்டவாளங்களும் இணைந்து ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும்.

பெட்டியின் எடையையும் மறக்கக்கூடாது. எச்.ஓ.வுக்கு அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. சங்கம் பரிந்துரைப்பது ஓர் அவுன்ஸுடன் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ், 27 செ.மீ. பெட்டிக்கு இது ஏறக்குறைய 180 கிராம். எடையைப் பெட்டியின் தரைக்கு அருகில் சமமாகப் பரப்பிய பிறகே இரண்டு திருகாணிகளையும் இறுதியாகச் சரிசெய்ய வேண்டும், ஏனெனில் வெறும் பெட்டியில் தாராளமாகச் சுழன்ற போகி எடை அமர்ந்ததும் இறுகிப்போவதுண்டு.