நட்பும் நக்கலும்: முதல் ஃபேன்டஸி ஃபேன் ஃபிக்‌ஷன் எழுதுவது எப்படி?

பிறர் எழுதிய ஒரு ஃபேன்டஸி (மாயாஜாலக் கதை) உலகத்தையும் பாத்திரங்களையும் வைத்து, ரசிகர்கள் எழுதும் கதையான ஃபேன் ஃபிக்‌ஷன் எழுத வருபவர்கள் பலரும் முதலில் ஒரு போரைத்தான் தொடங்குகிறார்கள். புதிய வில்லன், புதிய சாபம், நாற்பது அத்தியாயத்துக்குத் திட்டம். மூன்றாவது அத்தியாயத்தில் கதை படுத்துவிடும். வாசகருக்குப் போர் ஏற்கெனவே கிடைத்தாயிற்று, மூலக்கதையை எழுதியவரே கொடுத்துவிட்டார். அவர் கொடுக்காமல் விட்டது, போர் முடிந்த பிறகு இரண்டு நண்பர்கள் ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே நடந்துபோன அந்த அரை மணி நேரம். வாசகர்கள் தேடி வருவது பெரும்பாலும் அதற்குத்தான்.

அப்படி ஒரு கதையை, ஆயிரம் சொல்லுக்குள், எழுதி முடிப்பதற்கான வழி இது. எடுத்துக்காட்டுக்கு டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையிலிருந்து லெகோலஸ், கிம்லி இருவரையும் எடுத்துக்கொள்கிறேன். லெகோலஸ் எல்ஃப், காட்டில் வாழும் மரணமில்லாத இனம். கிம்லி ட்வார்ஃப், மலைக்குள் சுரங்கம் தோண்டி வாழும் குள்ளர் இனம். உங்களுக்கு வேறு கதை பிடிக்குமென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், படிகள் மாறாது.

படி 1: முதலில் வாசகராக இருங்கள்

எழுதுவதற்கு முன்னால் ஒரு வாரமாவது படியுங்கள். ஃபேன் ஃபிக்‌ஷனுக்கு இன்று பெரிய இருப்பிடம் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்'. சுருக்கமாக ஏஓ3 என்பார்கள். 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, 2019-இல் அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் தரப்படும் ஹியூகோ விருதும் வாங்கியது. அதற்கு முன்பே, 1998-இலிருந்து, ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் இருக்கிறது. அங்கே கதையின் வகையைக் குறிக்கும்போதே 'நட்பு', 'நகைச்சுவை' இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

ஏஓ3-இல் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு பெயர்களுக்கு நடுவே / என்று சாய்கோடு இருந்தால் அது காதல் கதை. & என்று இருந்தால் நட்பு, அல்லது குடும்பப் பாசம். லெகோலஸ் & கிம்லி என்று தேடினால் ஒரு வகைக் கதைகள் வரும், லெகோலஸ்/கிம்லி என்று தேடினால் முற்றிலும் வேறு வகை வரும். இரண்டுக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒன்றை எதிர்பார்த்து வந்தவருக்கு இன்னொன்றைக் கொடுத்தால் கோபம் வரும், அது நியாயமான கோபம்தான். காதலே மையம் இல்லாத கதைகளை 'ஜென்' என்ற பிரிவில் போடுவார்கள். படிக்கக் கணக்கு வேண்டியதில்லை. ஒரு சில கதைகளை மட்டும் எழுதியவர்கள் உறுப்பினர்களுக்கு என்று பூட்டி வைத்திருப்பார்கள்.

படிக்கும்போது ஒரு வேலை செய்யுங்கள். எந்த வரியில் உங்களுக்குச் சிரிப்பு வந்ததோ அதைத் தனியாகக் குறித்து வையுங்கள். பிறகு அந்த வரியை வேறு இரண்டு பேர் வாயில் வைத்துப் பாருங்கள். யார் சொன்னாலும் சிரிப்பு வருகிறதென்றால் அது வெறும் ஜோக். அந்த இருவரைத் தவிர வேறு யார் சொன்னாலும் சப்பென்று ஆகிவிடுகிறதென்றால், நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய வரி அதுதான்.

படி 2: மூலக்கதையில் ஒரு இடைவெளியைப் பிடியுங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். கதை எங்கே இருவரையும் அனுப்பிவிட்டு, பிறகு என்ன நடந்தது என்று சொல்லாமல் போகிறது என்று பாருங்கள்.

லெகோலஸ், கிம்லி விஷயத்தில் அப்படி ஒரு இடம் தங்கமாகக் கிடைக்கிறது. இருவருக்கும் தொடக்கத்தில் ஆகாது. கிம்லியின் தந்தை க்ளோயினைச் சிறையில் அடைத்தவர் லெகோலஸின் தந்தை. எல்ஃபுகள் வாழும் லோத்லோரியன் காட்டுக்குள் நுழையும்போது, ட்வார்ஃப் என்பதால் கிம்லிக்கு மட்டும் கண்ணைக் கட்ட வேண்டும் என்கிறார்கள் எல்ஃபுகள். கிம்லி மறுக்கிறான். அப்படியென்றால் எல்லோர் கண்ணையும் கட்டுங்கள் என்று பயணக் குழுவின் தலைவன் அரகோர்ன் சொல்ல, இப்போது கோபப்படுவது லெகோலஸ். அந்தக் காட்டைவிட்டு வெளியே வரும்போது இருவரும் நண்பர்கள். அப்புறம் ஒரே குதிரையில் முன்னும் பின்னுமாகப் பயணம். ஹெல்ம்ஸ் டீப் கோட்டைச் சண்டையில் யார் அதிகம் ஆர்க்குகளை (எதிரிப் படையின் கொடிய வீரர்களை) வீழ்த்துவது என்று போட்டி. கிம்லி 42, லெகோலஸ் 41.

அந்தச் சண்டைக்குப் பிறகு ஒரு ஒப்பந்தம் போடுகிறார்கள். கிம்லி மயங்கிப்போன ஆக்லரோண்ட் குகைகளை லெகோலஸ் வந்து பார்க்க வேண்டும், லெகோலஸ் ஆசைப்படும் ஃபேங்கோர்ன் காட்டுக்குக் கிம்லி வர வேண்டும். குகைக்குள் ஒருவனுக்கும் காட்டுக்குள் இன்னொருவனுக்கும் உள்ளூர உதறல். போர் முடிந்ததும் முதலில் குகைக்குப் போகிறார்கள். வெளியே வந்த லெகோலஸுக்குப் பேச்சே வரவில்லை, அதைச் சொல்லத் தகுந்த வார்த்தைகள் கிம்லியிடம்தான் உண்டு என்று விட்டுவிடுகிறான். பிறகு காட்டுக்குக் கிளம்புகிறார்கள். கிம்லிக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை என்பதை மட்டும் டோல்கீன் தொட்டுக் காட்டுகிறார். காட்டுக்குள் என்ன நடந்தது? புத்தகத்தில் இல்லை.

நம் கதை அங்கேதான்.

புத்தகமா, திரைப்படமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். புத்தகத்தில் 42-க்கு 41. நீளமான திரைப்படப் பதிப்பில் கிம்லிக்கு 43, லெகோலஸுக்கு 42. இதைக் கலந்து எழுதினால் முதல் பின்னூட்டமே அதைப் பற்றித்தான் இருக்கும்.

படி 3: ஆளுக்கு ஒரு பிடிவாதம், ஒரு பயம்

நீளமான பாத்திரக் குறிப்பு எல்லாம் வேண்டாம். ஒரு தாளில் நான்கே வரி போதும். கிம்லிக்கு மானம் பெரிது. மரங்கள் மேல் பயம், அதை ஒப்புக்கொள்ள மாட்டான். லெகோலஸுக்கு எதிலும் ஒரு அலட்டிக்கொள்ளாத நிதானம். கடற்பறவைகளின் குரலைக் கேட்ட நாளிலிருந்து அவன் மனசுக்குள் கடல் இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேச மாட்டான்.

இந்த நான்கு வரியில் சிரிப்பு முதல் இரண்டிலிருந்தும், கதையின் கனம் கடைசி வரியிலிருந்தும் வரும்.

இன்னொரு சரக்கும் மூலக்கதையிலேயே தயாராக இருக்கிறது. மரங்களை மேய்க்கும் ட்ரீபியர்டை முதன்முதலாகச் சந்திக்கும்போது கிம்லி மரியாதையாகக் குனிந்து வணங்குகிறான். அந்த நேரம் பார்த்து இடுப்பிலிருந்த கோடரி நழுவி 'டங்'கென்று கீழே விழுகிறது. மரத்தின் முன்னால் கோடரி! இது ஆர்க்குகளின் கழுத்துக்கு, மரத்துக்கு இல்லை என்று லெகோலஸ் பரிந்து பேச வேண்டியிருக்கிறது. அந்த நாற்பத்திரண்டையும் அவனே எடுத்துச் சொல்கிறான். இப்படி ஒரு சம்பவத்தை ஆசிரியரே கொடுத்திருக்கும்போது நாம் புதிதாக வாழைப்பழத் தோலைத் தேட வேண்டியதில்லை.

படி 4: காட்சியை எழுதுங்கள்

முதல் முயற்சியில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"கிம்லி, நீ எவ்வளவு வேடிக்கையானவன்! உன்னைப் போல ஒரு நண்பன் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று சொல்லி லெகோலஸ் விழுந்து விழுந்து சிரித்தான். கிம்லியும் சேர்ந்து சிரித்தான்.

கதைக்குள் இருப்பவர்கள் சிரித்தால் படிப்பவருக்குச் சிரிப்பு வராது. நட்பை வாய்விட்டுச் சொன்னால் நம்பிக்கையும் வராது. அதே காட்டை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

கிம்லி கோடரியைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்தபடி நடந்தான்.

"அதற்குக் குளிர்கிறதா?" என்றான் லெகோலஸ்.

"சும்மா வா. அந்த மரம் நம்மையே பார்க்கிறது."

"எந்த மரம்?"

"எல்லா மரமும்தான்."

லெகோலஸ் வழியோரம் நின்ற ஒரு கிழ மரத்தின் பட்டையில் கை வைத்தான். தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டான்.

"என்ன சொல்கிறது?" கிம்லியின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"நாற்பத்திரண்டு என்கிறார்களே, அது உண்மைதானா என்று கேட்கிறது."

கிம்லி நின்றான். தாடியை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டான்.

"உண்மைதான் என்று சொல். நாற்பத்தொன்று யாருடையது என்பதையும் மறக்காமல் சொல்."

இதில் யாரும் சிரிக்கவில்லை. மரம் நிஜமாகவே கேட்டதா, லெகோலஸ் கதை விட்டானா என்றும் சொல்லவில்லை. நண்பன் பயந்திருப்பது அவனுக்குத் தெரியும். "பயப்படாதே" என்று சொன்னால் கிம்லியின் மானம் போகும். அதனால் தான் தோற்ற கணக்கையே எடுத்து அவன் கையில் கொடுக்கிறான். கிம்லி அதை வைத்து உடனே அடிக்கிறான், அடுத்த நிமிடம் நிமிர்ந்து நடக்கிறான். படிப்பவர் நக்கலுக்குச் சிரித்துவிட்டு, இரண்டு வரி கழித்து, இவன் வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தானே என்று உணர்வார். இந்த வகைக் கதையில் வாசகர் கிறங்குவது அந்த இரண்டாவது நொடியில்தான். கிண்டல் செய்கிறவன் எதையாவது விட்டுக்கொடுத்துக் கிண்டல் செய்ய வேண்டும். சும்மா மட்டம் தட்டினால் அது நட்பு இல்லை, ராகிங்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் வசதியும் இருக்கிறது. பகையாக இருந்த காலத்துக் காட்சியில் இருவரையும் 'நீர்', 'உம்' என்று விறைப்பாகப் பேச வையுங்கள். லோத்லோரியனுக்குப் பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் 'நீ'க்கு இறங்கிவிடுங்கள். ஆனால் எல்ஃபுக்குச் செந்தமிழ், ட்வார்ஃபுக்கு மதுரைத் தமிழ் என்று பிரிக்காதீர்கள். முதல் வரிக்குச் சிரிப்பு வரும், பத்தாவது வரியில் சலிப்புத் தட்டும். அதோடு கிம்லி கோமாளியாகிவிடுவான். திரைப்படங்களே அவனை அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டன என்பது என் கருத்து. புத்தகத்துக் கிம்லி, லோத்லோரியனின் தலைவி கலாட்ரியலிடம் ஒரே ஒரு தலைமுடியைப் பரிசாகக் கேட்டு மூன்று பெற்றவன். அந்த நளினத்தையும் வைத்துக்கொண்டு சிரிக்க வையுங்கள்.

படி 5: ஒரு இடத்தில் சிரிப்பை நிறுத்துங்கள்

ஒரே ஒரு இடத்தில். இரண்டாக்கினால் கதை அழுகைப் பக்கம் சாய்ந்துவிடும். கதையின் முக்கால் பங்கு கடந்த பிறகு அது வந்தால் நல்லது.

நம் கதையில் இரவு வருகிறது, நெருப்பு மூட்டக் கிம்லிக்குத் தைரியம் இல்லை. இருட்டில் உட்கார்ந்துகொண்டு, "கடல் இந்தக் காட்டைவிடப் பெரியதா?" என்று அவன் கேட்கலாம். லெகோலஸ் பெரியது என்கிறான். "அங்கே மரம் உண்டா?" "இல்லை." "அப்படியென்றால் பரவாயில்லை." இவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்து, அரகோர்ன் இறந்தபின், லெகோலஸ் கட்டிய கப்பலில் கிம்லியும் கடல் தாண்டிப் போனதாகப் பின்னிணைப்பில் ஒரு குறிப்பு இருப்பது மூலக்கதையை முழுதாகப் படித்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் அதை விளக்கினால் கெட்டது. தெரிந்தவர்கள் தொண்டை அடைத்துக் கிடப்பார்கள், தெரியாதவர்கள் கிம்லியின் பயத்தை நினைத்துச் சிரிப்பார்கள். இரண்டும் நமக்கு லாபம்.

கடைசி வரியில் மறுபடியும் கிண்டலுக்குத் திரும்பிவிடுங்கள்.

படி 6: வெட்டுங்கள்

'சிரித்தான்', 'புன்னகைத்தான்', 'கேலியாகச் சொன்னான்' எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பாதிக்கு மேல் போய்விடலாம். காட்டின் வருணனை மூன்று வரிக்கு மேல் இருந்தால் குறையுங்கள், வாசகருக்கு அந்தக் காடு ஏற்கெனவே தெரியும். பிறகு மூலக்கதை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இவர்களை 'பீட்டா' என்பார்கள். "எங்கே பிழை?" என்று கேட்பதைவிட, "எங்கே கிம்லி கிம்லி மாதிரி இல்லை?" என்று கேளுங்கள்.

ஆயிரம் சொல் மலைப்பாக இருந்தால் 'ட்ராபிள்' எழுதிப் பழகலாம். சரியாக நூறே சொல். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நூறு சொல்லுக்குள் நிறையவே அடங்கும்.

படி 7: வெளியிடுவது

ஏஓ3-இல் எழுதக் கணக்கு வேண்டும். அதற்கு அழைப்பு வரும்வரை வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆகையால் கதையைத் தொடங்கும் நாளிலேயே மின்னஞ்சலைப் பதிந்துவிடுங்கள். தரநிலையில் எல்லோருக்கும் உரியது என்பதைத் தேர்ந்தெடுங்கள், பிரிவு 'ஜென்', உறவு என்ற கட்டத்தில் & போட்ட பெயர்கள். டேக்குகளில் (தேட உதவும் குறிச்சொற்களில்) நட்பு, நகைச்சுவை, புத்தகத்தை ஒட்டியது என்ற மூன்றும் போதும். இருபது டேக் போட்டால் யாரும் படிப்பதில்லை. விலையோ நன்கொடைக்கான இணைப்போ கதையோடு சேர்க்கக் கூடாது, அந்தத் தளத்தின் விதி அப்படி.

கதைச் சுருக்கத்தில் "இது என் முதல் கதை, மன்னியுங்கள்" என்று எழுதாதீர்கள். கதையிலிருந்தே இரண்டு வரியை எடுத்துப் போடுங்கள். நம் கதைக்கு:

"எந்த மரம்?"
"எல்லா மரமும்தான்."

பிடித்தவர்கள் 'குடோஸ்' என்ற பொத்தானை அழுத்துவார்கள், ஒருவர் ஒரு கதைக்கு ஒருமுறைதான் அழுத்த முடியும். பிடிக்கவில்லை என்று அழுத்தப் பொத்தானே கிடையாது. யாராவது "குகைக்குள் லெகோலஸ் என்ன பாடுபட்டான் என்று எழுதுவீர்களா?" என்று பின்னூட்டம் போட்டால் அடுத்த கதை வந்துவிட்டது என்று பொருள். அதற்கும் படி 2-இலிருந்து தொடங்குங்கள். இந்தமுறை பயப்படுகிறவன் லெகோலஸ், தோற்றுக் கொடுக்க வேண்டியவன் கிம்லி.