பழைய ஸ்காட்ஸ் ஆவணங்களில் ‘மெயில்’: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் 16, 17ஆம் நூற்றாண்டுக் குத்தகைக் கணக்குகளைப் படிக்கப் புதிதாக வருபவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். கையெழுத்துப் பிடிபடாமல் திணறுவது பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அதைப் பற்றி இங்கே பேசவில்லை. ‘மெயில்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றி நடக்கும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அஞ்சல் என்று படிப்பது

ஸ்காட்ஸ் மொழியில் மெயில் என்பது நிலத்துக்கோ வீட்டுக்கோ செலுத்தும் குத்தகைப் பணம். பேச்சு, உடன்பாடு என்று பொருள்படும் ‘மால்’ என்ற பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து அது வந்தது. அஞ்சலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோ, பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இரண்டுக்கும் உறவில்லை.

‘பிளாக்மெயில்’ என்றதும் இரகசியத்தைத் தேடுவது

இந்தத் தவறு என்னை இன்றும் எரிச்சலூட்டுகிறது. எல்லைப்புற உழவர் ஒருவர் பிளாக்மெயில் செலுத்திய செய்தியைக் கண்ட ஆய்வு மாணவர் ஒருவர், அவர் எந்தக் குற்றத்தை மறைக்க அதைக் கொடுத்திருப்பார் என்று ஊகித்து ஓர் இயலையே எழுதி முடித்திருந்தார். உழவரிடம் மறைப்பதற்கு எதுவும் இல்லை. அவரிடம் இருந்தவை மாடுகள். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்பகுதியில் ஆம்ஸ்ட்ராங், கிரஹாம், எலியட் முதலிய குடும்பங்களின் கொள்ளைக் கூட்டத்தார் இரவில் வந்து கால்நடைகளை ஓட்டிச் சென்ற காலத்தில், தாங்களும் கொள்ளையிடாமல், பிறரையும் கொள்ளையிட விடாமல் காப்பதற்கு அவர்கள் பெற்ற தொகையே பிளாக்மெயில். நில உடைமையாளருக்குக் கொடுப்பது மெயில் என்றால், அதற்கு மேல் இவர்களுக்கும் அழவேண்டியிருந்த இன்னொரு குத்தகை இது.

1601இல் கம்பர்லாந்து, நார்த்தம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து, டரம் பகுதிகளுக்காக இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பணமாகவோ தானியமாகவோ கால்நடையாகவோ தரப்படும் இத்தொகையை வாங்குவதை மட்டுமன்றிக் கொடுப்பதையும் பெருங்குற்றமாக்கியது. இன்றைய பொருளோடு அதைப் படிப்பவருக்கு, மிரட்டப்பட்டவரையே தண்டிக்கும் விந்தையான சட்டமாக அது தோன்றும். அந்தத் தொகைதான் கொள்ளைக் கூட்டங்களை வாழவைத்தது என்று அறிந்தவருக்கு அதன் நோக்கம் விளங்கும். பிளாக்மெயிலில் உள்ள ‘பிளாக்’, அதாவது கறுப்பு, என்றது மாட்டை, அதற்கு எதிரான வெள்ளை என்றது வெள்ளிக்காசை என்று சொல்லப்படும் விளக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். அந்தச் சட்டமே பணத்தைத்தான் முதலில் சொல்கிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராப் ராய் மெக்ரெகர் என்பவர் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பகுதியில் வசூலித்ததும் இந்தக் காவல் தொகைதான். இரகசியத்தை வெளியிடுவதாக மிரட்டிப் பணம் பறிக்கும் பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது.

நம்மவருக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. மதுரைப் பகுதியின் காவல் கட்டணத்தைப் பற்றி எழுதிய ஆங்கில அதிகாரிகளும் இதே சொல்லைப் பழைய பொருளில் கையாண்டிருக்கிறார்கள்.

மெயிலையும் மீலையும் குழப்புவது

மீல் என்பது ஓட்ஸ் மாவு. எழுத்துக்கூட்டல் நிலையாக இல்லாத காலம் அது. போதாக்குறைக்குக் குத்தகையின் ஒரு பங்கை மாவாகவும் அளந்தார்கள். அருகில் ‘போல்’ என்ற முகத்தலளவை இருந்தால் மாவு. பவுண்டோ ‘மெர்க்’ என்ற பண அலகோ இருந்தால் பணம்.

பவுண்டைப் பவுண்டாகவே கணக்கிடுவது

1603க்குப் பிறகு 12 ஸ்காட்ஸ் பவுண்டு ஓர் ஆங்கிலப் பவுண்டுக்குச் சமம். மெர்க் என்பது ஸ்காட்ஸ் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு.

ஒரே அகராதியோடு நின்றுவிடுவது

ஸ்காட்ஸ் மொழிக்கு 1700 வரைக்கும் ஓர் அகராதி, அதன் பின் வேறோர் அகராதி. இரண்டும் 2004 முதல் இணையத்தில் ஒன்றாகவே, இலவசமாகக் கிடைக்கின்றன.