ஒரே பெயர், வேறு ஆட்கள்: இணையக் கலைக்களஞ்சியங்களில் பிரித்துக் காட்டும் முறை

இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் 'எஸ். சந்திரசேகர்' என்று தேடுகிறவருக்குக் குறைந்தது மூன்று பேர் எதிர்ப்படுவார்கள். விண்மீன்களைப் பற்றிய ஆய்வுக்காக 1983-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995) ஒருவர். பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் நீர்மப் படிகங்களை ஆராய்ந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004) இன்னொருவர். மக்கள்தொகை அறிஞராகவும், 1960-களின் பிற்பகுதியில் ஒன்றிய அரசில் நலவாழ்வு, குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சராகவும் இருந்த ஸ்ரீபதி சந்திரசேகர் (1918–2001) மூன்றாமவர். அமைச்சரைத் துறையைக் கொண்டே பிரித்துவிடலாம். முதல் இருவரிடம் அது நடக்காது. இருவரும் இயற்பியலாளர்கள், ஒருவர் சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன், மற்றவர் ராமனின் சகோதரி மகன். இருவரும் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர்கள். அந்த அமைப்பின் ராயல் பதக்கம் முன்னவருக்கு 1962-இலும் பின்னவருக்கு 1994-இலும் கிடைத்தது. ஆகவே 'ராமனின் உறவினரும் ராயல் பதக்கம் பெற்றவருமான இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர்' என்று ஒரு பழைய கட்டுரை குறிப்பிட்டால், அந்த வரியை வைத்து மட்டும் அவர் யாரென்று சொல்ல முடியாது.

இத்தகைய பெயர்களைக் கையாளும்போது பெரும்பாலோர் முதலில் தலைப்பைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். தலைப்பில் பெயருக்குப் பின்னே அடைப்புக்குறிக்குள் எதைப் போடுவது என்று விவாதம் தொடங்கிவிடுகிறது. என் கருத்தில் அது கடைசியில் வரவேண்டிய வேலை. எத்தனை பேர், ஒவ்வொருவரும் யார், கையிலுள்ள சான்றுகளில் எது எவரைப் பற்றியது என்பதை முடிவுசெய்யாமல் வைக்கப்படும் தலைப்பு, இரண்டு ஆட்களின் வாழ்க்கையை ஒரே பக்கத்தில் கலந்து வைத்துவிட்டு அதற்கு ஒழுங்கான முகப்பு மட்டும் கட்டியதாகவே முடியும்.

எனவே முதலில் ஒரு தாளிலோ விரிதாளிலோ ஆளுக்கொரு வரிசை போட்டுக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, பிறந்த ஊர், தந்தை பெயர், தலைப்பெழுத்துகளின் விரிவு, துறை, பணியாற்றிய நிறுவனம் ஆகியவை நெடுக்கையில் வரட்டும். கையிலுள்ள ஒவ்வொரு சான்றையும் எடுத்து, அது இவற்றில் எதை உறுதிசெய்கிறது என்று பாருங்கள். பெயரும் துறையும் ஒத்துவருவது போதாது என்பதைச் சந்திரசேகர்கள் காட்டிவிட்டார்கள். பெயரைத் தவிர, ஒன்றையொன்று சாராத இரண்டு விவரங்களாவது பொருந்தினால்தான் அந்தச் சான்றை அந்த வரிசையில் சேர்க்கலாம். நோபல் பரிசு, சிகாகோ பல்கலைக்கழகம் என்று இருந்தால் மூத்தவர். பெங்களூரு, நீர்மப் படிகம் என்று இருந்தால் இளையவர். இரண்டும் இல்லாத சான்று, எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், தனியே நிற்கட்டும்.

தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து தனிக் கவனம் கேட்கும். ஆங்கில வழக்கப்படி 'எஸ்.' என்று எழுதிவிட்டால் சுப்பிரமணியனும் சிவராமகிருஷ்ணனும் ஸ்ரீபதியும் ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் சு., சி., ஸ்ரீ. என்று தாமாகவே பிரிந்துவிடுவார்கள். ஆனால் ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் 'எஸ்.' என்று கையெழுத்திட்டிருக்க, கட்டுரையாளர் தம் விருப்பப்படி 'சு.' என்று மாற்றித் தலைப்பிட்டால், தேடுகிறவர் அவரைக் கண்டுபிடிக்க மாட்டார். ஆகவே தலைப்பு வழக்கிலுள்ள வடிவத்தில் இருக்கட்டும். தமிழ் எழுத்து வடிவத்திலிருந்து அதற்கு ஒரு வழிமாற்று, அதாவது அந்த வடிவத்தில் தேடுகிறவரைத் தானாகவே இந்தத் தலைப்புக்குக் கொண்டுசேர்க்கும் பக்கம், கொடுங்கள். தலைப்பெழுத்தின் முழு விரிவைக் கட்டுரையின் முதல் வரியில் எழுதுங்கள். ஓரெழுத்து மட்டுமே இருந்தால் அது பெரும்பாலும் தந்தையின் பெயர். இரண்டெழுத்து இருந்தால் முன்னது ஊராக இருக்கலாம்: ம. பொ. சிவஞானத்தின் 'ம.' மயிலாப்பூர், 'பொ.' பொன்னுசாமி. பெண்களைப் பொறுத்தவரை, திருமணத்துக்கு முன்னும் பின்னும் தலைப்பெழுத்து மாறியிருக்கக்கூடும் என்பதால், ஒரே ஆளை இரண்டு பேராகப் பிரித்துவிடும் ஆபத்தும் உண்டு.

தலைப்பெழுத்து ஒன்றாக இருந்தும் விரிவு வேறுபடுவதற்கு இலங்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசை நிறுவிய ஜி. ஜி. பொன்னம்பலமும், 2000 சனவரியில் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட அவருடைய மகனும், இருவருமே ஜி. ஜி. பொன்னம்பலம்தாம். தந்தையின் முதல் 'ஜி.' கணபதிப்பிள்ளை, மகனுடையது காசிநாதர். மகன் குமார் பொன்னம்பலம் என்றே அறியப்பட்டதால் தலைப்பில் சிக்கல் இல்லை. ஆனால் பழைய செய்திகளிலும் சட்டத்துறை ஆவணங்களிலும் இருவரும் ஒரே எழுத்துகளில் வருவார்கள், அங்கே ஆண்டைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பொன்னம்பலம் ராமநாதன், பொன்னம்பலம் அருணாசலம் ஆகியோர் விடயம் வேறு. இவர்கள் உடன்பிறந்தவர்கள், 'பொன்னம்பலம்' என்பது தந்தையின் பெயர். மேலைநாட்டுக் குடும்பப்பெயர் முறைக்கென்று அமைந்த தரவுத்தளத்தில் இத்தகைய பெயர்களை உள்ளிடும்போது, தந்தையின் பெயர் ஆளின் பெயராகவோ ஆளின் பெயர் குடும்பப்பெயராகவோ மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈழத்து நூல்களை ஆவணப்படுத்தும் நூலகம் திட்டத்தின் ஆளுமைப் பக்கங்கள், ஆளின் பெயரை முன்னும் தந்தையின் பெயரைக் காற்புள்ளிக்குப் பின்னும் வைக்கின்றன. நம் பெயர்முறைக்கு அது பொருந்தி வருகிறது.

இனித் தலைப்புக்கு வரலாம். இயல்பாகவே வேறுபடும் வழக்குப்பெயர் இருந்தால் அதுவே போதும், கே. பாலச்சந்தருக்கும் எஸ். பாலச்சந்தருக்கும் அடைப்புக்குறி தேவையில்லை. வெறும் 'பாலச்சந்தர்' என்ற சொல்லுக்குத்தான், அந்தப் பெயருள்ள எல்லாரையும் பட்டியலிட்டு அவரவர் கட்டுரைக்கு வழிகாட்டும் பக்கம் வேண்டும். அங்கேயும் 'இயக்குநர்' என்ற அடையாளம் உதவாது, ஏனெனில் வீணைக் கலைஞரான எஸ். பாலச்சந்தரும் 1954-இல் வெளிவந்த 'அந்த நாள்' உட்படப் படங்களை இயக்கியவர். அடைப்புக்குறிக்குள் வைக்கும் சொல், ஆளின் முதன்மையான தொழிலாக இருப்பதோடு, பெயரைப் பகிர்ந்துகொள்ளும் மற்றவருக்குப் பொருந்தாததாகவும் இருக்க வேண்டும். இரண்டு எஸ். ராமகிருஷ்ணன்களும் நவீன இலக்கிய உலகைச் சேர்ந்தவர்கள்: ஒருவர் 2018-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்ற நாவலாசிரியர், மற்றவர் 'க்ரியா' பதிப்பகத்தை நிறுவி, தற்காலத் தமிழ் அகராதியைக் கொண்டுவந்து, 2020-இல் மறைந்தவர். இவர்களுக்கு 'இலக்கியவாதி' என்பது பயன்படாது. 'எழுத்தாளர்', 'பதிப்பாளர்' என்பவை பயன்படும். தொழிலும் ஒன்றாகிவிட்டால் பிறந்த ஆண்டைச் சேர்க்கலாம், ஆனால் தேடி வருகிறவருக்குப் பிறந்த ஆண்டு பெரும்பாலும் தெரிந்திராது என்பதால் அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டங்களைக் கொண்டு பிரிப்பதை நான் ஏற்பதில்லை. யாழ்ப்பாணத்தின் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையை (1899–1986), அவர் காலத்தவரான பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையிடமிருந்து (1903–1968) பிரிக்கப் 'பண்டிதமணி' கைகொடுக்கும் என்று தோன்றும். ஆனால் தமிழ்நாட்டில் மகிபாலன்பட்டி மு. கதிரேசன் செட்டியாரும் பண்டிதமணிதான். கலைமாமணியும் கவிஞர் திலகமும் இன்னும் மோசம். 'பிரபல', 'மூத்த' போன்ற அடைகள் தலைப்பில் வரவே கூடாது. சாதிப் பின்னொட்டு ஒருவருடைய பெயரின் பகுதியாகவே வழங்கிவந்திருந்தால் அப்படியே இருக்கட்டும்; பிரித்துக் காட்டுவதற்கென்று நாமாக அதைச் சேர்ப்பது முறையன்று.

புனைபெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. எழுத்தாளர் எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரான 'சுஜாதா'வைப் புனைபெயராக ஏற்றதற்குக் காரணமே, குமுதத்தில் ரா. கி. ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிவந்ததுதான். ஒரு குழப்பத்தைத் தவிர்க்க எடுத்த அந்தப் பெயர், பின்னாளில் நடிகை சுஜாதாவோடும் பாடகி சுஜாதாவோடும் புதிய குழப்பத்தைக் கொண்டுவந்தது. இங்கே மூவருக்கும் தொழிலை அடைப்புக்குறியில் கொடுத்துவிட்டு, 'எஸ். ரங்கராஜன்' என்ற இயற்பெயரிலிருந்து எழுத்தாளரின் பக்கத்துக்கு வழிமாற்று வைக்க வேண்டும்.

பழம்புலவர்களிடம் வந்தால் மேலே சொன்ன பட்டியலில் பாதி வெறுமையாகிவிடும். பிறந்த ஆண்டு இல்லை, நிறுவனம் இல்லை. ஆனால் சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இதே சிக்கலைச் சந்தித்து, ஊர், தந்தை, தொழில் ஆகியவற்றைப் பெயரோடு சேர்த்தே எழுதிவைத்தார்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். நம் அடைப்புக்குறி செய்கிற வேலையை இந்த அடைமொழிகள் முன்பே செய்திருக்கின்றன; அவற்றைத் தலைப்பில் அப்படியே பயன்படுத்துவதே மேல். தொகுப்பாளரின் அடைமொழி கிடைக்காத இடத்தில் நூலைக் கொண்டு பிரிக்கலாம். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையார் ஒருவர், ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பாடிய ஔவையார் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். பதினோராம் திருமுறையில் வரும் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் ஆகியோரையும் சங்கப் புலவர்களிலிருந்து வேறானவர்களாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மரபு இவர்களை ஒருவராகவே சொல்லி வந்திருப்பதால், பிரித்து எழுதும்போது யாருடைய ஆய்வின்படி பிரிக்கிறோம் என்பதையும் கட்டுரையிலேயே கூற வேண்டும். கலைக்களஞ்சியம் எழுதுகிறவர் தாமாக ஒரு புதிய ஔவையாரை உருவாக்கிவிடக் கூடாது.

தமிழ் விக்கிப்பீடியா 'பக்கவழி நெறிப்படுத்தல்' என்று அழைக்கும் இந்த வழிகாட்டும் பக்கத்தை எப்போது உருவாக்குவது என்ற கேள்விக்கு விடை எளிது. இருவர் மட்டுமே இருந்து, அவர்களில் ஒருவரைத்தான் பெரும்பாலோர் தேடுகிறார்கள் என்றால், அவருடைய கட்டுரையின் உச்சியில் மற்றவரைச் சுட்டும் ஒரு வரி போதும். மூவரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது எவரும் முதன்மையாக இல்லாவிட்டால், தனிப் பக்கம் வேண்டும். அந்தப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் இணைப்பு: 'சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004), இயற்பியலாளர், நீர்மப் படிக ஆய்வாளர்' என்பதுபோல. படங்களும் விருதுப் பட்டியலும் அங்கே வேண்டாம்.

தலைப்பை மாற்றிய பிறகுதான் உண்மையான உழைப்பு தொடங்குகிறது. பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். 'சுஜாதா' என்ற பழைய தலைப்புக்கு வந்துகொண்டிருந்த உள்ளிணைப்புகள் இப்போது வழிகாட்டும் பக்கத்துக்கோ, தவறான ஆளுக்கோ போய்ச் சேரும். 'இப்பக்கத்தை இணைத்தவை' என்ற கருவியைத் திறந்து, ஒவ்வோர் இணைப்பையும் அது நிற்கும் வாக்கியத்தோடு படித்துச் சரியான பக்கத்துக்குத் திருப்ப வேண்டும். ஒரு திரைப்படக் கட்டுரையில் வரும் 'சுஜாதா' கதாசிரியராகவும் இருக்கலாம், நடிகையாகவும் இருக்கலாம் என்பதால், இதைத் தானியங்கியிடம் ஒப்படைக்க முடியாது. அடுத்து, ஒரே ஆளைப் பற்றிய பல மொழிக் கட்டுரைகளை ஒன்றாக இணைக்கும் தரவுத்தளமான விக்கித்தரவில் அவருக்குரிய உருப்படியைத் (பதிவை) திறந்து, பிறமொழிக் கட்டுரைகள் ஒரே ஆளைப் பற்றியவைதானா என்று பாருங்கள். குழப்பத்துக்கு வாய்ப்புள்ள உருப்படிகளை 'இதிலிருந்து வேறானது' என்ற பொருள்படும் பி1889 பண்பால் இணைத்துவிட்டால், பின்னால் வருகிறவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடாமல் தடுக்கலாம். நூலகப் பட்டியல்கள் ஆசிரியருக்குத் தரும் அடையாள எண்களை நகலெடுக்கும்போது அந்தப் பதிவின்கீழுள்ள நூல்களையும் ஒருமுறை பாருங்கள். வானியலும் நீர்மப் படிகமும் ஒரே எண்ணின்கீழ் இருந்தால், பிழை அங்கேயே இருக்கிறது. ஒளிப்படத்துக்கும் இதே சோதனை: கோப்பின் விளக்கத்தில் வெறும் பெயர் மட்டும் இருந்தால், எடுக்கப்பட்ட ஆண்டையும் இடத்தையும் அறியாமல் கட்டுரையில் சேர்க்காதீர்கள்.

உயிரோடிருப்பவர்களைப் பொறுத்தவரை அளவுகோல் இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். வழக்கு, கைது, முறைகேடு பற்றிய செய்தி ஒன்றில் பெயரும் ஊரும் மட்டும் இருந்து, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டுரையும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் ஆசை எளிதில் வரும். வயது, தந்தை பெயர், பதவி ஆகியவற்றில் ஒன்றாவது செய்தியிலேயே சொல்லப்பட்டுக் கட்டுரையோடு பொருந்தாதவரை அதைச் சேர்க்கக் கூடாது. பிறர் சேர்த்திருந்தால் உடனே நீக்கிவிட்டு, நீக்கியதன் காரணத்தைக் கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில், அந்தக் குற்றச்சாட்டைத் திரும்பச் சொல்லாமல், சுருக்கமாக எழுதி வையுங்கள்.